சொல் கிடைத்துவிட்டது, வாக்கியம் எங்கே?

சென்ற மாதம் ஓர் அறிவியல் கலைச்சொல்லாக்கப் பயிலரங்கிற்கு, மொழியியல் படித்தவள் என்ற தகுதியில் அழைக்கப்பட்டிருந்தேன். உயிர்வேதியியல் அமர்வில் ‘லேபிள்’ என்ற ஒரே சொல்லுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் செலவாயிற்று. அடையாளம், சுட்டி, முத்திரை, சிட்டை, குறி என்று பலகை நிறைந்தது. ஒருவர் பழைய இலக்கியத்திலிருந்து ஆதாரம் காட்டினார். இன்னொருவர், ‘சிட்டை’ கடைக்கணக்கில் வழங்கும் சொல், ஆய்வகத்துக்கு ஆகாது என்று மறுத்தார். முடிவில் ‘குறி’ வென்றது. கைதட்டினோம், தேநீர் குடித்தோம். உயிருள்ள செல்லுக்குள் இருக்கும் ஒரு மூலக்கூறுக்கு யார், எதைக் கொண்டு, எப்படிக் குறியிடுகிறார்கள் என்று அந்த இரண்டு மணி நேரத்தில் எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை எனக்குக் கற்பித்தவள் என் சித்தப்பா மகள். நல்லேப்பிள்ளியில் எங்களுக்கு அடுத்த வீடு. தமிழ்வழியில் பத்தாம் வகுப்புவரை படித்து, பிறகு ஆங்கிலவழிக்கு மாறி, வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவள். முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வொன்றில் அவள்முன் ஒரு படத்தை வைத்திருக்கிறார்கள்: கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒளிரும் ஒரு செல். என்ன தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். “புரதம்” என்றிருக்கிறாள். “புரதம் பச்சை நிறமா?” என்று அடுத்த கேள்வி. அத்தோடு அவள் பேச்சு நின்றுவிட்டது. ஊருக்கு வந்தவள் என்னிடம் சொன்னாள்: “அக்கா, அந்தப் படத்தைப் பத்தி எனக்கு எல்லா வார்த்தையும் தெரியும். இங்கிலீஷ்லயும் தெரியும், தமிழ்லயும் தெரியும். ஆனா என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி சொல்ல வரல.”

இந்தப் பதிவு அந்த ஒரு வரியைப் பற்றியது. தமிழில் அறிவியல் எழுதுவோரும் கற்பிப்போரும் நூறாண்டுகளாகப் பெயர்ச்சொற்களைச் சேர்த்துவருகிறோம், வாக்கியங்களைச் சேர்க்கவில்லை. இதனால் விளைந்த கேடு நடையழகோடு நிற்பதில்லை. நம் மாணவர்கள் தவறானதை நம்புகிறார்கள். இது மிகைக்கூற்று என்று நினைப்பவர்களுக்கு, உயிருள்ள செல்லில் மூலக்கூறுகளுக்குக் குறியிட்டுப் படமெடுக்கும் வேதியியலையே சான்றாக வைக்கிறேன். என் துறை வேதியியல் இல்லைதான். ஆனால் வாக்கியம் என் துறை.

முதலில், குறியிடுதல் என்றால் என்ன?

நம் ஊர்களில் சலவைத் தொழிலாளர்கள் பல வீட்டுத் துணிகளை ஒன்றாகக் கலந்து வெளுத்தார்கள். எந்த வேட்டி எந்த வீட்டுடையது என்று அறிய, துணியின் ஓரத்தில் சேராங்கொட்டைச் சாற்றால் ஒரு குறியிட்டார்கள். அந்தக் குறி எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. பக்கத்துத் துணியில் ஒட்டாது. வேட்டியை வேட்டியாகவே விட்டுவைக்கும். வேதியியலாளர் வேண்டுவதும் இதே மூன்று பண்புகளைத்தான். ஆனால் அவருடைய வெள்ளாவிப் பானை உயிரோடு இருக்கிறது. அதற்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்களும் சர்க்கரைகளும் கொழுப்புகளும் நீரில் நெருக்கியடித்துக்கொண்டு வினைபுரிந்தபடி இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் தொட்டு, மற்றவற்றைத் தொடாமல், தொட்டதையும் கெடுக்காமல் குறியிட வேண்டும்.

ஒரு வழி, குறியை மரபணுவிலேயே எழுதிவிடுவது. ஒளிரும் ஜெல்லிமீனிலிருந்து ஒசாமு ஷிமோமுரா 1962இல் பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதத்தின் மரபணுவை, 1994இல் மார்ட்டின் சால்ஃபி நுண்புழுவின் நரம்புச் செல்களில் இயங்கச் செய்தார். ரோஜர் சியென் அதன் வேதியியலை விளக்கிப் பல நிறங்களுக்கு விரித்தார். மூவருக்கும் 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இம்முறையில், நாம் அறிய விரும்பும் புரதத்தின் மரபணுவோடு ஒளிர்புரதத்தின் மரபணுவைத் தைத்துவிடுகிறார்கள். செல் இரண்டையும் ஒரே நூலாக நெய்து தருகிறது. என் தங்கை பார்த்த பச்சை அந்த ஜெல்லிமீன் புரதத்தின் பச்சை. அவள் சொல்லியிருக்க வேண்டிய வரி இதுதான்: “இந்தப் புரதத்தோடு ஒளிர்புரதம் ஒன்றைத் தைத்திருக்கிறார்கள், ஒளிர்புரதம் ஒளிரும் இடத்தில் நம் புரதமும் இருப்பதாகக் கொள்கிறோம்.”

‘கொள்கிறோம்’ என்ற வினையைக் கவனியுங்கள். அறிவியல் முழுவதும் அந்த வினையில் இருக்கிறது. இடுக்கியின் சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானைக்கு ரேடியோ காலர் மாட்டினார்கள். பிறகு அது பெரியாறு காட்டிலும் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் நடமாடியபோது வனத்துறைக்கு வந்த செய்தியெல்லாம் காலர் அனுப்பியது. ஒரு காலர் கழன்று புதரில் விழுந்துவிட்டால், யானை ஒரே இடத்தில் நிற்பதாகத்தான் திரை காட்டும். வனக்காவலர் அதனால் ஏமாறமாட்டார். காலர் வேறு, யானை வேறு என்று அவருக்குத் தெரியும். நம் பாடக்குறிப்புகள் அந்த வேறுபாட்டை மாணவருக்குச் சொல்வதில்லை. “ஒளிர்தல் நுண்ணோக்கியால் புரதங்களைக் காணலாம்” என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகின்றன.

குறியின் அளவும் பொருட்டாகும். பச்சை ஒளிர்புரதத்தில் 238 அமினோ அமிலங்கள் உள்ளன. செல்லின் கழிவு அகற்றும் வேலையில் பங்கேற்கும் யுபிகுட்டின் என்ற புரதத்தில் 76தான். குறி, குறியிடப்பட்டதைப்போல் மூன்று மடங்கு! வேட்டியின் ஓரத்தில் குறி என்ற நிலை மாறி, குறியின் ஓரத்தில் வேட்டி என்றாகிவிடுகிறது. சியென் குழுவினர் 1998இல் ஆறே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு வரிசையைப் புரதத்தில் பொருத்தி, அதைத் தேடிப் பற்றி ஒளிரும் ஆர்செனிக் சேர்ந்த சாயமொன்றை உருவாக்கியதற்கு இதுவே காரணம். சர்க்கரைகளிலோ சிக்கல் இன்னும் பெரிது. மரபணு நேரடியாகப் புரதத்துக்குத்தான் வரைபடம் தருகிறது. சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி ஒரு வரைபடம் இல்லை. எனவே மரபணுவைத் தைக்கும் வித்தை அங்கே செல்லாது.

அங்கேதான் கரோலின் பெர்டோசி வருகிறார். அவருடைய முறையைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதிப் பார்க்கிறேன்: செல்லுக்கு அசைடு ஏற்றிய சர்க்கரையை ஊட்டி, செல்லின் நொதிகள் அதைத் தம் சங்கிலியில் கோக்கும்வரை காத்திருந்து, அசைடோடு மட்டும் வினைபுரியும் மூலக்கூறைச் சாயத்துடன் சேர்த்து உள்ளே விட்டு, ஒட்டாமல் மிஞ்சியதைக் கழுவி நீக்கி, ஒளி பாய்ச்சிப் படமெடுத்தனர். மூன்று நைட்ரஜன் அணுக்கள் வரிசையாக அமைந்த அசைடு இயல்பாகச் செல்லில் இல்லை. செல்லின் சொந்த வேதியியல் அதைப் பெரும்பாலும் சீண்டுவதுமில்லை. பெர்டோசி 2000இல் பாஸ்பீனைக் கொண்டு அசைடைப் பிடித்தார். அது மெதுவாக நடந்தது. 2002இல் ஷார்ப்லெஸும் மெல்டாலும் தனித்தனியே கண்டடைந்த தாமிர வினை விரைவானது; ஆனால் தாமிரம் செல்லுக்கு நஞ்சு. 2004இல் பெர்டோசி தாமிரத்தையே விலக்கினார். எட்டு அணு வளையத்தில் ஆல்கைனை வளைத்து அடைத்தால், வளைக்கப்பட்ட இறுக்கமே வினையைத் தள்ளிவிடும் என்று காட்டினார். 2008இல் வரிக்குதிரை மீனின் கருவில் இம்முறை கையாளப்பட்டது. 2022இல் மூவரும் நோபல் பெற்றார்கள்.

இந்த நோபலைத் தமிழில் எப்படி எழுதினோம்? “உயிருள்ள செல்களில் சர்க்கரைகளைக் காணும் முறையைக் கண்டுபிடித்தார்” என்ற வகையில்தான் பெரும்பாலும் எழுதினோம். இந்த வாக்கியத்தில் என்ன தவறு என்று கேட்பீர்கள். 2018இல் நடந்ததைச் சொல்கிறேன்.

அசைடு ஏற்றிய சர்க்கரை செல்லுறையை எளிதில் கடப்பதில்லை. எனவே அதன்மேல் அசிட்டைல் தொகுதிகளைப் போர்த்தி உள்ளே அனுப்புவது பல்லாண்டு வழக்கம். உள்ளே போனதும் செல்லின் நொதிகள் போர்வையைக் களைந்துவிடும் என்பது கணக்கு. 2018இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சென் ஷிங் குழுவினர் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். போர்வை களையப்படாத சர்க்கரை, எந்த நொதியின் துணையும் இல்லாமல், புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் தானாகவே ஒட்டிக்கொள்கிறது என்று அதில் காட்டினார்கள். அதாவது, செல் சர்க்கரை கோக்காத இடங்களிலும் அசைடு ஏறியிருக்கிறது; அவையும் ஒளிர்ந்திருக்கின்றன. சேராங்கொட்டைச் சாறு பக்கத்துத் துணியிலும் பட்டுவிட்டது.

இப்போது இரண்டு வாக்கியங்களை ஒப்பிடுங்கள். “சர்க்கரைகளைக் கண்டனர்” என்பது 2018க்குப் பிறகு பல ஆய்வுகளுக்கு ஐயத்துக்குரியதாகிவிட்டது. “அசைடு ஏற்றிய சர்க்கரையை ஊட்டினர், அசைடு தங்கிய இடங்கள் ஒளிர்ந்தன” என்பது 2018க்கு முன்னும் உண்மை, பின்னும் உண்மை. முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்த மாணவருக்குப் புதிய ஆய்வு ஓர் அதிர்ச்சி. நேற்று படித்தது பொய் என்று தோன்றும். இரண்டாவதைக் கற்ற மாணவர், “அசைடு வேறெங்கும் தங்காது என்பதற்கு என்ன சான்று?” என்று தாமே கேட்டிருக்கலாம். ஆய்வாளராவதற்கு வேண்டிய முதல் கேள்வி அது. ஒரு வாக்கியம் அந்தக் கேள்விக்கு இடம் வைக்கிறது. மற்றொன்று இடத்தை அடைத்துவிடுகிறது. ‘லேபிளுக்கு’ எந்தத் தமிழ்ச்சொல்லை நிறுத்தினாலும் இந்த வேறுபாடு வராது.

‘உயிருள்ள’ என்ற பெயரெச்சம் செய்யும் மோசடியையும் சொல்ல வேண்டும். புதிதாக உருவாகும் டி.என்.ஏ.வைக் காட்ட, ஆல்கைன் பொருத்திய ஓர் உட்கூறைச் செல்லுக்கு ஊட்டும் முறை 2008இல் வந்தது. இன்று பல ஆய்வகங்களில் அது அன்றாட வேலை. ஊட்டும்போது செல் உயிரோடு இருக்கிறது. வழக்கமான முறையில் பின்னர் செல்லைப் பதப்படுத்திக் கொன்று, தாமிர வினையால் சாயத்தை இணைத்துப் படமெடுக்கிறார்கள். படத்தில் இருப்பது இறந்த செல். “உயிருள்ள செல்லில் குறியிட்டு, பதப்படுத்தியபின் படமெடுத்தனர்” என்று எழுத ஒரு நொடிதான் ஆகும். “உயிருள்ள செல்லின் படம்” என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

உண்மையாகவே உயிரோடிருக்கும் செல்லும் முன்பிருந்தபடியே இருப்பதில்லை. கால்சியத்தை அளக்க 1980களில் சியென் உருவாக்கிய சாயங்கள் கால்சியத்தைப் பற்றிக்கொண்டுதான் ஒளி மாறுகின்றன. அளவுக்கு மீறி ஏற்றினால், அளக்க வந்த கால்சியத்தையே அவை பிடித்துவைத்துக்கொண்டு அதன் ஏற்ற இறக்கத்தை மழுக்கிவிடும். பாய்ச்சும் ஒளியே சாயத்தின் வழியாகத் தீவிர ஆக்சிஜன் வகைகளை உண்டாக்கிச் செல்லைக் காயப்படுத்தும். சேராங்கொட்டைச் சாறு குறியிடும் கையைக் கொப்பளிக்க வைப்பது நம் முன்னோர் அறிந்ததே. இவை குறைகள் என்பதால் இத்துறையை நான் பழிப்பதாக எண்ண வேண்டாம். இந்தக் குறைகளை எண்ணி எண்ணித்தான் இத்துறை வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு புதிய முறையும் முந்தைய முறையின் வாக்கியத்தில் மறைந்திருந்த ஒரு சொல்லை வெளியே இழுத்ததன் விளைவு.

வெளிநாட்டுக் கதை போதும் என்பீர்கள். நம் பக்கத்துக்கு வருகிறேன். மலப்புறம் மாவட்டத்துப் பரப்பனங்காடியில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் படித்தவர் யமுனா கிருஷ்ணன். பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இருந்தபோது, 2009இல் அவருடைய குழு டி.என்.ஏ. இழைகளாலான ஒரு சிறு பொறியைச் செய்தது. சைட்டோசின் நிறைந்த அந்த இழை அமிலச் சூழலில் மடங்கிக்கொள்ளும். மடங்கும்போது அதில் பொருத்திய இரண்டு சாயங்கள் நெருங்கும். நெருங்கினால் ஒன்றின் ஆற்றல் மற்றதற்குத் தாவி, ஒளியின் நிறவிகிதம் மாறும். பழ ஈயின் செல் ஒன்று அப்பொறியை விழுங்கி உட்பைகள் வழியே கொண்டுசெல்லும்போது, ஒவ்வோர் இடத்தின் அமிலத்தன்மையும் நிறவிகிதமாக வெளியே வந்தது. 2011இல் உயிருள்ள நுண்புழுவுக்குள்ளேயே இதைச் செய்தார்கள். 2013இல் பட்நாகர் விருது, 2017இல் இன்ஃபோசிஸ் பரிசு. இன்று அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்.

இங்கே “செல்லின் அமிலத்தன்மையைக் கண்டார்” என்று எழுதினால் அவருடைய சாதனையே தொலைந்துவிடுகிறது. மடங்குதல், நெருங்குதல், தாவுதல், மாறுதல் என்ற நான்கு வினைகள்தான் அவருடைய கண்டுபிடிப்பு. அந்நான்கும் நான்காம் வகுப்புக் குழந்தைக்குத் தெரிந்த தமிழ். புனே அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில், சீர்காழியைத் தம் பெயரில் தாங்கிய ஸ்ரீவத்சனின் குழு, அசைடு பொருத்திய யூரிடினைச் செல்லின் சொந்த நொதிகளே ஏற்று ஆர்.என்.ஏ.வில் கோக்கும்படி செய்திருக்கிறது. ஏற்றல், கோத்தல். இவற்றுக்கு எந்தக் குழுவும் கூடிச் சொல்லாக்க வேண்டியதில்லை.

தமிழிலக்கணம் இதற்கு உதவாது என்று எவரும் சொல்ல முடியாது. பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தோம். ‘ஒளிர்கிறது’ என்பதும் ‘ஒளிர்விக்கிறார்கள்’ என்பதும் வேறு. ‘இணைந்தது’ என்பதும் ‘இணைத்தனர்’ என்பதும் வேறு. தானாக நடந்ததா, யாராவது செய்தார்களா என்பதை மெல்லொற்றும் வல்லொற்றும் பிரித்துக் காட்டிவிடுகின்றன. ‘சாயத்தால்’ என்றால் கருவி, ‘சாயத்தோடு’ என்றால் உடனிருப்பு. வினையெச்சங்களை அடுக்கினால் எது முன், எது பின் என்பதை ஒளிக்க முடியாது: ஊட்டி, காத்திருந்து, கழுவி, படமெடுத்தனர். ஆங்கிலத்தின் பெயரடுக்குத் தொடர்களில் இவை எளிதாக மறைந்துகொள்ளும். அந்தத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘உயிருள்ள செல் மூலக்கூறுக் குறியீட்டுப் படிமமாக்கம்’ என்று நாம் எழுதும்போது, ஆங்கிலம் மறைத்ததையும் மறைத்து, தமிழ் காட்டக்கூடியதையும் கைவிடுகிறோம். தமிழ் உயர்ந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கையில் இருக்கும் கருவியை எடுக்காமல் கருவி இல்லை என்று புலம்புகிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

மறுப்புகள் வரும். முதலில் சொற்கள் வேண்டும், வாக்கியம் பிறகு தானே வரும் என்பது ஒன்று. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவம் கற்பித்தபோது, கலைச்சொற் பட்டியல் நிறைவடையட்டும் என்று காத்திருக்கவில்லை. 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரிலேயே வேதியியல் நூல் வந்தது. பெயர் கடன்தான், நூல் தமிழ். சேலத்தில் 1916இல் அறிவியற் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தவர்களில் ஒருவரான ராஜாஜி, பின்னாளில் ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். சொல் தேடியவரே வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தார். நாம் நூறாண்டு கழித்தும் அவருடைய முதற்படியிலேயே நிற்கிறோம். செல்லா, உயிரணுவா, இலங்கைப் பாடநூல்கள் சொல்லும் கலமா என்று இன்றும் சண்டையிடுகிறோம். எந்தப் பெயரிட்டாலும் தாமிரம் அதைக் கொல்லத்தான் செய்யும்.

ஆய்வு ஆங்கிலத்தில்தானே நடக்கிறது, தமிழில் இதெல்லாம் எதற்கு என்பது இரண்டாவது. என் தங்கை தோற்றது ஆங்கிலத்தில் நடந்த நேர்முகத்தில். அவளுடைய ஆங்கிலம் போதாமல் அவள் தோற்கவில்லை. நடந்ததை நடந்தபடி மனத்துக்குள் சொல்லிப் பார்க்க அவளுக்கு எந்த மொழியிலும் வாக்கியம் தரப்படவில்லை. சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்வழியில் தொடங்கி ஆங்கிலத்துக்குத் தாவும் பிள்ளைகளுக்குத் தாவுமுன் ஊன்றிக்கொள்ளத் தரை வேண்டும். சித்தூர் அரசு கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. அதே மாவட்டத்தில் கஞ்சிக்கோடு அருகே இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பேருந்தில் கடக்கக்கூடியது. வாக்கியத்தில் நாம் இன்னும் கடக்கவில்லை.

பொதுவாசகருக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா என்பது மூன்றாவது. வண்ணக் குறியை வேட்டி என்று எந்த வாசகரும் மயங்கமாட்டார். மயக்குபவர்கள் நாம்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். கலைச்சொல் தொகுப்பவர்கள் ஒவ்வொரு சொல்லோடும் அது வினையாக நிற்கும் ஒரு முழு வாக்கியத்தையாவது தரட்டும். யார், எதை, எதனால் என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்கட்டும். தமிழில் ஆய்வுச்சுருக்கம் எழுதும் நண்பர்கள், ‘கண்டனர்’, ‘காணலாம்’ என்று எழுதிய ஒவ்வோர் இடத்தையும் மீண்டும் படித்து, ஒளிர்ந்தது எது என்று தம்மையே கேட்கட்டும். ஆசிரியர்கள் தேர்வில் “குறியிடுதல் என்றால் என்ன?” என்று கேட்பதை விட்டு, ஒரு படத்தைக் கொடுத்து, “இது எப்படி உண்டாயிற்று? இதில் எதை நாம் நேரில் அறிகிறோம், எதை ஊகிக்கிறோம்?” என்று கேட்கட்டும்.

சென்ற வாரம் என் தங்கையும் நானும் திண்ணையில் அமர்ந்து அந்தப் பச்சைப் படத்துக்கு ஐந்து வாக்கியம் எழுதினோம். மூன்றாவது வாக்கியத்தில் அவள் நிறுத்தி, “அக்கா, அந்த ஒளிர்புரதம் மட்டும் அறுந்து தனியா மிதந்தா, அதுவும் பச்சையாத்தானே தெரியும்?” என்று கேட்டாள். நேர்முகக் குழு கேட்க விரும்பியிருக்கக்கூடிய அடுத்த கேள்வியே அதுதான். அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பித்திருக்கிறாள்.

பயிலரங்கத்து நண்பர்களுக்கு ஒன்று. ‘குறி’ நல்ல சொல். நானும் அதற்குத்தான் கையுயர்த்தினேன். என்னை மறுத்து எழுதுவதானால் எழுதுங்கள். மறுப்போடு, உங்கள் துறையிலிருந்து ஒரு சோதனையை யார், எதை, எதனால், எந்த வரிசையில் செய்தார்கள் என்று தமிழில் ஒரே வாக்கியமாகவும் எழுதிக் காட்டுங்கள்.